தொழிற்சாலை ஐடியை வெளியே ஒப்படைப்பது எப்படி: லைனும் நிற்காமல், ஆடிட்டிலும் சிக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு தொழிற்சாலையில் மிக முக்கியமான கம்ப்யூட்டர் எது என்று கேட்டால் எல்லோரும் சர்வர் ரூமைத்தான் காட்டுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அது டிஸ்பாட்ச் மூலையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய பிசி. பார்கோடு லேபிள் அச்சடிப்பதற்கு மட்டுமே இருந்த பிசி. ஒரு நாள் காலை அது ஆன் ஆகவில்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, சரக்கும் தயார். ஆனால் லேபிள் இல்லாத பெட்டியை வாடிக்கையாளர் எடுக்க மாட்டார் என்பதால் ஒரு லாரிகூட நகரவில்லை. மதியத்துக்குள் டிஸ்பாட்ச் பகுதி நிரம்பி வழிந்தது. வேறு வழியில்லாமல் உற்பத்தி லைனை நிறுத்தினோம். ஐடி சப்போர்ட் ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த பட்டியலில் அந்த பிசியின் பெயரே இல்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒப்பந்தம், ஃபயர்வால், சான்றிதழ் எல்லாம் அப்புறம். எது நின்றால் லைன் நிற்கும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர், நெட்வொர்க், பேக்அப், பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் பெரும்பாலும் அலுவலகங்களுக்குச் சேவை செய்து வளர்ந்தவை. அலுவலகத்தில் பெரிய பயம் தகவல் வெளியே போவது. ஆலையில் முதல் பயம் ஆளுக்கு அடிபடுவது. அடுத்தது லைன் நிற்பது. தகவல் கசிவெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை புரியாதவர் ஷிஃப்ட் நடுவில் அப்டேட் போட்டு மெஷினை ரீஸ்டார்ட் செய்துவிடுவார். அவர் பழகிய இடத்தில் அதில் தப்பில்லை. ஆலையில் அது விபத்தாகக்கூட முடியலாம்.

படி 1: சாவிக்கொத்தோடு ஃப்ளோரைச் சுற்றி வாருங்கள்

மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பேனல் சாவியோடு கிளம்புங்கள். ஐடி ஆள் மட்டும் போனால் கண்ணுக்குத் தெரியும் மானிட்டர்களோடு திரும்பி வந்துவிடுவார். ஒவ்வொரு கண்ட்ரோல் பேனலையும் திறந்து பார்க்க வேண்டும். அப்படி ஒரு பேனலைத் திறந்தபோது, பிஎல்சிக்கு (மெஷினை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கணினி) மேலே கேபிள் டையால் கட்டி வைத்த ஒரு 4ஜி ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுவ வந்தவர்கள், பழுது வந்தால் தூரத்தில் இருந்தே பார்க்க வசதியாக மாட்டிவிட்டுப் போனது. வருடக்கணக்காக சிம் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. ஃபயர்வாலுக்கு எவ்வளவு செலவு செய்திருந்தாலும், அந்த மெஷினுக்கு இன்டர்நெட்டில் இருந்து நேராக ஒரு கதவு திறந்தே இருந்தது. அது ஆலையில் ஒருவருக்கும் தெரியாது.

கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அது என்ன, எங்கே இருக்கிறது, ஐபி முகவரி என்ன, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், யார் பொறுப்பு. கூடவே இரண்டு கேள்விகள்: இது செத்தால் எத்தனை மணி நேரத்தில் லைன் நிற்கும்? திரும்ப எழுப்ப என்னென்ன வேண்டும்? பட்டியலுக்கு உயிர் கொடுப்பதே இந்தக் கடைசி இரண்டு கேள்விகள்தான். இவற்றுக்குப் பதில் ஐடியிடம் இருக்காது. புரொடக்‌ஷன் சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அலுவலக நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறது என்று தேடும் ஸ்கேனரை ஓடவிடுவதுபோல ஓடும் லைனில் செய்யாதீர்கள். பழைய பிஎல்சிகள் சில, எதிர்பாராத பாக்கெட் வந்தாலே உறைந்துவிடும். நெட்வொர்க் ஸ்விட்சில் போகும் எல்லாவற்றுக்கும் நகல் தரும் மிரர் போர்ட்டில் போக்குவரத்தை ஒட்டுக்கேட்டுப் பட்டியல் எடுக்கும் கருவிகள் இருக்கின்றன; அவற்றைக் கேளுங்கள். தீவிர ஸ்கேன் வேண்டுமென்றால் ஷட்டவுன் நாளில் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: எந்த விதி உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள்

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு சான்றிதழுக்கு ஓடாதீர்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தங்களை எடுத்து, பாதுகாப்பு பற்றிய ஷரத்துகளைப் படியுங்கள். வாடிக்கையாளர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்பதற்கு 2022 மார்ச் 1 ஒன்றே போதும். அன்று டொயோட்டா ஜப்பானில் உள்ள 14 ஆலைகளில் 28 லைன்களை நிறுத்தியது. தாக்குதல் டொயோட்டாவின் மேல் நடக்கவில்லை. அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் கோஜிமா என்ற நிறுவனத்தின் மேல் நடந்தது.

கார் நிறுவனங்களுக்குச் சப்ளை செய்தால், குறிப்பாக ஜெர்மன் நிறுவனங்களுக்கு, வாகனத் துறைக்கான தகவல் பாதுகாப்பு மதிப்பீடான டிசாக்ஸ் கேட்பார்கள். அதன் முத்திரை 3 ஆண்டுகளுக்குச் செல்லும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சப்ளை சங்கிலியில் இருந்தால் அந்தத் துறையின் சைபர் பாதுகாப்புச் சான்றான சிஎம்எம்சி. அதன் முதல் நிலைக்கு 15 தேவைகள், இரண்டாம் நிலைக்கு 110. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆலை இருந்தால் என்ஐஎஸ் 2 என்ற சைபர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். இயந்திரங்கள், மின்சாதனங்கள், மின்னணுப் பொருட்கள், வாகனங்கள், மருத்துவக் கருவிகள் ஆகியவற்றைத் தயாரிக்கும் நடுத்தர, பெரிய நிறுவனங்கள் அதற்குள் வருகின்றன. பெரிய சம்பவம் தெரிய வந்தால் 24 மணி நேரத்தில் முன்னறிவிப்பு, 72 மணி நேரத்தில் முறையான அறிவிப்பு, ஒரு மாதத்துக்குள் முழு அறிக்கை கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவையே பொறுப்பாக்கும் சட்டம் அது. ஐடி மேனேஜரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. இந்தியாவில் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (கணினிப் பதிவுகளை) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் தயாரிக்கும் பொருளிலேயே சாஃப்ட்வேர் இருந்து, அதை ஐரோப்பாவில் விற்றால், சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் உங்கள் மேல் வரும்.

யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால்? அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பின் 2024 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், எளிமையானது. மெஷின் பக்கத்துக்கு, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புத் தரமான ஐஇசி 62443. பின்னால் தகவல் பாதுகாப்புச் சான்றிதழான ஐஎஸ்ஓ 27001 வேண்டுமென்று யாராவது கேட்டாலும் இந்த உழைப்பு வீண் போகாது.

படி 3: யாரிடம் கொடுப்பது?

வெளி நிறுவனத்திடம் உங்கள் ஆலையின் எல்லாச் சாவிகளும் இருக்கும். அதே சாவிகள் இன்னும் ஐம்பது வாடிக்கையாளர்களுக்கும் அவர்களிடம் இருக்கும். 2021 ஜூலை 2 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஐடி சேவை நிறுவனங்கள் பயன்படுத்தும் கசேயா நிறுவனத்தின் மேலாண்மைக் கருவியின் ஓட்டை வழியாக, அந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குள் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மால்வேர்) இறங்கியது. சுமார் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. அவர்களில் பலருக்கு கசேயா என்ற பெயரே தெரிந்திருக்காது. தங்களுக்குச் சேவை செய்பவர் அதைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

அதனால் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். எங்கள் நெட்வொர்க்குக்குள் உங்கள் ஆட்களில் எத்தனை பேர் நுழைய முடியும், ஆளுக்கொரு தனிக் கணக்கு உண்டா, எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டா? இரவு 2 மணிக்குப் போன் அடித்தால் எடுப்பது உங்கள் ஆளா, கால் சென்டரா? ஒரு ஊழியரின் பெயரைச் சொல்லி யாராவது பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொன்னால் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் துப்புரவுப் பொருட்கள் தயாரிக்கும் க்ளோராக்ஸ் நிறுவனம் தாக்கப்பட்டு உற்பத்தி பாதிக்கப்பட்டது. வெளி ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் செய்த ஆளுக்குச் சரிபார்க்காமலேயே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று 2025இல் தொடுத்த வழக்கில் அந்நிறுவனம் குற்றம் சாட்டியது.

ஐஎஸ்ஓ 27001 சான்றிதழைக் காட்டினால் அதன் எல்லைக் குறிப்பைப் படியுங்கள். தலைமை அலுவலகம் மட்டும் அதில் இருந்து, உங்களுக்குச் சேவை செய்யும் குழு இல்லாமலும் போகலாம். சேவை நிறுவனத்தின் பாதுகாப்பை வெளி ஆடிட்டர் சோதித்துத் தரும் எஸ்ஓசி 2 அறிக்கை என்றால் இரண்டாம் வகையைக் கேளுங்கள். முதல் வகை ஒரு குறிப்பிட்ட நாளில் ஏற்பாடுகள் எப்படி வடிவமைக்கப்பட்டிருந்தன என்று மட்டும் சொல்லும். இரண்டாம் வகை பல மாதங்கள் அவை நடைமுறையில் ஓடினவா என்று சொல்லும். அப்புறம், பிஎல்சி தெரிந்த ஒருவரை நேர்காணலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவரை ஃப்ளோருக்குக் கூட்டிப் போங்கள். மெஷினைத் தொடுவதற்கு முன் ‘இதை எப்போது நிறுத்தலாம்?’ என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

படி 4: ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

பதிலளிக்கும் நேரமும் சரிசெய்யும் நேரமும் வேறு வேறு. ‘15 நிமிடத்தில் பதில்’ என்றால் 15 நிமிடத்தில் டிக்கெட் எண் வரும், அவ்வளவுதான். படி 1இன் பட்டியலை எடுத்து, லைனை நிறுத்தும் பொருட்களுக்கு மட்டும் சரிசெய்யும் நேரத்தைத் தனியாக எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் கேட்டால் விலை தாங்காது.

பொறுப்புப் பிரிவினையை வரிவரியாக எழுதுங்கள். பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) என்றால்: யார் கண்டுபிடிப்பது, யார் அனுமதிப்பது, யார் போடுவது, போட்ட பிறகு மெஷின் சரியாக ஓடுகிறதா என்று யார் பார்ப்பது. நான் பார்த்த சண்டைகளில் பாதி, ‘அது அவர்கள் வேலை என்று நினைத்தோம்’ என்பதில் தொடங்கியவைதான்.

அவர்கள் தாக்கப்பட்டால் உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் 24 மணி நேரத்தில் அரசுக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கும்போது, அவர்கள் 72 மணி நேரம் எடுத்துக்கொண்டால் எப்படிச் சரியாகும்? பிரியும் நாளையும் இப்போதே பேசிவிடுங்கள். பாஸ்வேர்டுகள், நெட்வொர்க் வரைபடம், ஃபயர்வால் அமைப்புகள் எல்லாம் உங்கள் சொத்து. கேட்ட நாளில் ஒப்படைக்க வேண்டும்.

படி 5: சுவர் எழுப்புங்கள்

மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் நெறிமுறை 1979இல் வந்தது. அதன் மூல வடிவத்தில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. வால்வைத் திற என்று யார் சொன்னாலும் திறக்கும். இன்றும் எத்தனையோ ஆலைகள் அதில்தான் ஓடுகின்றன. அதை மாற்றச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் யார் வரலாம் என்பதைக் கட்டுப்படுத்தச் சொல்கிறேன்.

முதல் சுவர் அலுவலகத்துக்கும் ஃப்ளோருக்கும் நடுவில். ஆர்டர், கணக்கு எல்லாம் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேரில் இருந்து உற்பத்தித் தகவல் போக வேண்டுமென்றால், நடுவில் ஒரு இடைநிலைப் பகுதியை வைத்து, அங்கே நிற்கும் சர்வர் வழியாக மட்டும் போகட்டும். இந்த ஒரு சுவரை ஒழுங்காகக் கட்டிய பிறகு, ஃப்ளோரையே பகுதிகளாகப் பிரியுங்கள். ஐஇசி 62443 சொல்லும் மண்டலங்கள், அவற்றுக்கு இடையிலான வழிகள் என்பதெல்லாம் இதுதான். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் சிப் ஆலைகளில் பல கருவிகள் நின்றுபோயின. புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். வானாக்ரை என்ற ரான்சம்வேரின் ஒரு வகை அதிலிருந்து மற்ற கருவிகளுக்குப் பரவியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஒரு புது மெஷினால் அது நடந்தது.

படி 6: தூர அணுகலும் கணக்குகளும்

படி 1இல் கண்டுபிடித்த ரவுட்டர்களையெல்லாம் கழற்றுங்கள். பழுது பார்க்க வருபவர்களுக்கு ஒரே வாசல்: விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு), இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, கேட்கும்போது மட்டும் திறப்பது, வேலை முடிந்ததும் மூடுவது, என்ன செய்தார்கள் என்ற பதிவு. 2021 மே மாதம் கொலோனியல் பைப்லைன் என்ற அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனத்தைத் தாக்கியவர்கள், பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான் வந்தார்கள். அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை.

மெஷினை இயக்கும் எச்எம்ஐ திரையில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதை ஆடிட்டர் குறையாக எழுதுவார். அவர் சொல்வது சரிதான். ஆனால் கையுறை போட்ட ஆபரேட்டர், அவசரத்தில் 14 எழுத்துப் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. நான் பரிந்துரைப்பது: ஓட்டவும் நிறுத்தவும் பொதுக் கணக்கு போதும், செட்டிங்கை மாற்ற ஆளுக்கொரு கணக்கு அல்லது பேட்ஜ். ஏன் இப்படி என்று காரணத்தோடு எழுதி வையுங்கள். எழுதி வைத்த காரணத்தை நல்ல ஆடிட்டர் மதிப்பார். பிஎல்சியில் புரோகிராமை மாற்ற விடும் சாவி இருந்தால் அது ‘ரன்’ நிலையில் இருக்கட்டும். 2017இல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளை ட்ரைடன் என்ற மால்வேர் தொட முடிந்ததற்கு, அந்தச் சாவி ‘புரோகிராம்’ நிலையிலேயே இருந்ததும் ஒரு காரணம்.

படி 7: பேட்ச்

வானாக்ரை பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் பேட்ச் கொடுத்துவிட்டது. தாக்குதல் மே 12 அன்று தொடங்கியது. ரெனோ ஆலைகள் நின்றன; ஜூனில் ஹோண்டாவின் ஒரு ஆலையும் நின்றது. அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை, உடனே போடுங்கள். ஃப்ளோரில் மெஷின் தயாரிப்பாளரின் ஒப்புதல் வாங்கி, திட்டமிட்ட ஷட்டவுனில் போடுங்கள். போடவே முடியாத பழைய விண்டோஸ் மெஷின்களைத் தனி மண்டலத்தில் வைத்து, யுஎஸ்பியைப் பூட்டி, அனுமதித்த புரோகிராம் மட்டும் ஓடும்படி செய்யுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதால் இந்தப் பட்டியல் இப்போது நீளமாகவே இருக்கும்.

படி 8: பேக்அப், அதுவும் மெஷினுடையது

சர்வர் பேக்அப் எல்லோரும் எடுக்கிறார்கள். பிஎல்சி புரோகிராம், எச்எம்ஐ திரைகள், ரோபோ புரோகிராம், ஸ்விட்ச் அமைப்புகள், லேபிள் டிசைன் இவற்றை யார் எடுக்கிறார்கள்? பழைய சிஎன்சி கண்ட்ரோலர்கள் பலவற்றில் பாராமீட்டர்கள் ஒரு சின்ன பேட்டரியின் தயவில்தான் நினைவில் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்தால் அந்த மெஷினுக்குத் தன் அச்சுகளின் அளவுகூட மறந்துபோகும். அதற்கு ஹேக்கரே வர வேண்டாம்.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அதோடு ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் இருந்து கழற்றப்பட்டு இருக்கட்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற மால்வேர், மேர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தின் டொமைன் கண்ட்ரோலர்களை (யார் எதற்குள் நுழையலாம் என்று முடிவு செய்யும் சர்வர்களை) அழித்தபோது, கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு, அதனால் அது இணைப்பில் இல்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் மீண்டார்கள்.

திரும்ப எழுப்பிப் பார்க்காத பேக்அப்பை நம்பாதீர்கள். ஓர் ஆலையில் பிஎல்சி பேக்அப்பை எடுத்துச் சோதித்தோம். ஃபைல் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் சாஃப்ட்வேருக்கு ஒரு யுஎஸ்பி லைசென்ஸ் சாவி வேண்டும். அது எப்போதோ வேலையை விட்டுப்போன இன்ஜினியரின் பூட்டிய மேசை டிராயரில் இருந்தது. பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம். அந்த ஒத்திகையைச் செய்யாமல் இருந்திருந்தால், உண்மையான நாளில் அந்த டிராயர் எங்கே என்று கேட்கக்கூட ஆள் இருந்திருக்காது. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை, லைனை நிறுத்தும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, வெறும் ஹார்டுவேரில் இருந்து முழுதாக எழுப்பச் சொல்லுங்கள். கடிகாரத்தை வைத்து நேரம் எடுங்கள். சேவை நிறுவனத்தோடு வைத்த ஒப்பந்த நேரத்துக்குள் வருகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

படி 9: அந்த நாளுக்கான காகிதம்

2019 மார்ச்சில் நார்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினிய நிறுவனத்தை லாக்கர்கோகா ரான்சம்வேர் தாக்கியது. நிறுவனம் பணம் கொடுக்கவில்லை. நெட்வொர்க்கில் எதையும் இணைக்காதீர்கள் என்று வாசலில் காகித அறிவிப்பு ஒட்டினார்கள். பல ஆலைகளை அச்சிட்ட ஆர்டர்களை வைத்து, கையால் ஓட்டினார்கள். உங்கள் ஆலையில் அப்படி ஓட்ட முடியுமா?

தேவையானது மெல்லிய ஒரு கோப்பு, அச்சிட்டது, ஷிஃப்ட் அலுவலகத்தில் இருக்க வேண்டும். யாருக்குப் போன் செய்வது, எந்த கேபிளைக் கழற்றினால் ஃப்ளோர் அலுவலகத்தில் இருந்து பிரியும், எந்த மெஷினைப் பாதுகாப்பாக எப்படி நிறுத்துவது, யாருக்கு எத்தனை மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு அந்தக் கேபிளைக் கழற்ற அதிகாரம் உண்டு, தவறாகக் கழற்றினாலும் அவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நிர்வாகம் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் மேனேஜர் போனை எடுக்கும்வரை காத்திருப்பார். பாதிக்கப்பட்ட பிசிகளை உடனே ஃபார்மட் செய்ய விடாதீர்கள். விசாரணைக்கு அவை வேண்டும்.

படி 10: ஆதாரம் சேர்ப்பது

ஆடிட்டர் கேட்பது ஒன்றே ஒன்று: காட்டுங்கள். வேலையை விட்டுப் போனவர்களில் ஐந்து பெயரைச் சொல்லி, அவர்கள் கணக்கு எந்தத் தேதியில் முடக்கப்பட்டது என்று காட்டச் சொல்வார். எச்ஆர் தேதியும் ஐடி தேதியும் ஒத்துப்போக வேண்டும். மாதம் ஒரு ஃபோல்டர் போட்டு, பேட்ச் அறிக்கை, பேக்அப் சோதனை, கணக்கு முடக்கம், தூர அணுகல் பதிவு நான்கையும் டிக்கெட் எண்ணோடு போட்டுவரச் சேவை நிறுவனத்திடம் சொல்லுங்கள். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து உருவாக்கும் ஆதாரத்தை அனுபவமுள்ள ஆடிட்டர் ஃபைல் தேதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். செய்யாததைச் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள். சைபர் பாதுகாப்புத் தேவைகளைப் பூர்த்தி செய்வதாகத் தவறாகக் காட்டியதாக எழுந்த வழக்கில், ராக்கெட் இன்ஜின் நிறுவனமான ஏரோஜெட் ராக்கெட்டைன் 2022இல் அமெரிக்க அரசுக்கு 90 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. குறை இருந்தால் குறை என்று எழுதி, எப்போது சரியாகும் என்று தேதி போடுங்கள்.

படி 11: மாதக் கூட்டம்

சேவை நிறுவனத்தோடு மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் உட்காருங்கள். மெயின்டனன்ஸ் தலைவரும் புரொடக்‌ஷன் தலைவரும் அதில் இருக்க வேண்டும். ஐடி மட்டும் பேசினால் டிக்கெட் எண்ணிக்கையோடு கூட்டம் முடிந்துவிடும். முதல் கேள்வி எப்போதும் இதுவாக இருக்கட்டும்: இந்த மாதம் ஃப்ளோருக்குப் புதிதாக என்ன வந்தது? வைஃபை உள்ள ஒரு எடைமெஷின், டெமோவுக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட ஒரு கேமரா, யாரோ மாட்டிய ஒரு சின்ன ஸ்விட்ச், எதுவாக இருந்தாலும் சொல்லட்டும். அது பட்டியலில் ஏறி, பொறுப்பாளர் பெயரும் மண்டலமும் எழுதிய பிறகுதான் நெட்வொர்க் கேபிளைச் சொருகுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் பிசி செத்த ஆலையில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே பட்டியலின் முதல் வரியில் இருப்பது அந்த லேபிள் பிசி. அதன் மாற்று பிசி, லேபிள் டிசைன்களோடு, பக்கத்து அலமாரியில் தயாராக இருக்கிறது.